ஆன்டெனா எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்திலும், பிறகு பாலிடெக்னிக்கில் கம்யூனிகேஷன் லேப் பார்த்துக்கொண்ட காலத்திலும் என்னிடம் அதிகம் பேர் கேட்டது ஆன்டெனாவைப் பற்றித்தான். சென்ற இதழில் "ஆன்டெனா சந்தேகங்களை எழுதுங்கள்" என்று ஆசிரியர் அறிவித்ததும் கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்துவிட்டன. பிரிப்பதற்கு முன் ஒரு கணக்கை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ அலை வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. ஆகவே 300ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். அதில் பாதியோ கால் பங்கோதான் ஒரு கம்பி ஆன்டெனாவுக்கு இயல்பான நீளம். கணக்கு இவ்வளவுதான். அது பொய்த்துப்போவது போலத் தெரியும் இடங்களைப் பற்றித்தான் நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டு ரேடியோவில் எஃப்.எம். கேட்கக் கம்பியை முழுசாக இழுத்துவிட வேண்டியிருக்கிறது. மீடியம் வேவுக்குக் கம்பியை மடக்கி வைத்தாலும் நன்றாகவே கேட்கிறது. மீடியம் வேவுக்குத்தான் அலைநீளம் அதிகம் என்கிறான் என் மகன். அப்படியானால் அதற்குத்தானே பெரிய கம்பி வேண்டும்?
– இல்லத்தரசி, திசையன்விளை

உங்கள் மகன் சொல்வதும் சரி, நீங்கள் கவனித்ததும் சரி அம்மா. எஃப்.எம். 100 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 3 மீட்டர். கால் பங்கு 75 சென்டிமீட்டர். நீங்கள் இழுத்து நீட்டும் கம்பியை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

ஏன் கால் பங்கு? கம்பியின் அடியில் மின்னோட்டத்தைத் தள்ளினால் அது நுனி வரை ஓடி, மேலே போக வழியில்லாமல் திரும்பி வருகிறது. போக ஒரு கால், வர ஒரு கால், ஆக அரை அலை நேரம். அதற்குள் அடியில் இருக்கும் மின்னழுத்தமும் திசை மாறியிருக்கும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கைகூட அதை உயரே அனுப்பிவிடும் இல்லையா, அதேபோல அடுத்த தள்ளல் சரியான நேரத்தில் வந்து சேர்ந்துகொள்கிறது. இதற்குத்தான் ஒத்ததிர்வு என்று பெயர். கம்பியில் மின்னோட்டம் பெருகி ஓடுகிறது, அலை நன்றாகக் கிளம்புகிறது. வாங்கும்போதும் இதே கதைதான்.

இப்போது மீடியம் வேவுக்கு வருவோம். நம் திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ். அலைநீளம் 250 மீட்டர், கால் பங்கு சுமார் 62 மீட்டர். வீட்டில் அவ்வளவு நீளக் கம்பி கட்ட முடியாது. அதனால் உங்கள் ரேடியோ வேறு வழியில் போகிறது. பின்மூடியைக் கழற்றினால் கருப்பாக, விரல் பருமனில், சாக்பீஸ் போல உடையக்கூடிய ஒரு கட்டை தெரியும். அதுதான் ஃபெரைட் ராடு. அதன் மேல் மெல்லிய காயில், அதாவது கம்பிச் சுருள், சுற்றியிருக்கும். எஃப்.எம். கம்பி அலையின் மின்புலத்தைப் பிடிக்கிறது. இந்தக் காயில் அதே அலையின் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. சுற்றுவட்டாரத்துக் காந்தக் கோடுகளை ஃபெரைட் தன் வழியாக இழுத்துக்கொள்வதால் சின்னக் காயில்கூடப் பெரிய காயில் போல வேலை செய்கிறது. ஸ்டேஷன் திருப்பும்போது நீங்கள் சுழற்றுவது கேங் கண்டன்சர், மின்னூட்டத்தைத் தேக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பு. அதுவும் இந்தக் காயிலும் சேர்ந்து ஒரு ஸ்டேஷனுக்கு மட்டும் ஒத்து அதிர்கின்றன. நீளத்தில் கிடைக்காத ஒத்ததிர்வைக் காயிலும் கண்டன்சரும் சேர்ந்து கொடுத்துவிடுகின்றன.

ரேடியோவை மெதுவாக வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு நிலையில் சத்தம் சட்டென்று இறங்கிவிடும். அப்போது அந்தக் கட்டையின் முனை நிலையத்தை நோக்கியிருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து 90 டிகிரி திருப்பி வைத்தால் நன்றாகக் கேட்கும். கடையில் "ஸ்டேஷன் எடுக்கலை" என்று வந்த ரேடியோக்களில் பலவற்றுக்கு நான் கையே வைக்கவில்லை, வைக்கும் திசையை மாற்றச் சொல்லித்தான் அனுப்பினேன். இன்னொரு விஷயம்: அந்தக் காயில் கம்பி தலைமுடி போன்ற பல இழைகளைச் சேர்த்து முறுக்கியது. சால்டர் செய்யும்போது சில இழைகள் விட்டுப்போனாலும் ஒத்ததிர்வின் கூர்மை போய்விடும். ரிப்பேர் படிக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

ஆனால் இந்தச் சின்னக் கட்டை அலையில் பிடிப்பது மிக மிகச் சொற்பம். அது எப்படிப் போதுமாகிறது? மீடியம் வேவில் வானம் முழுக்க இரைச்சல். உலகத்தில் எங்கெங்கோ வெட்டும் மின்னல்கள் எல்லாம் அந்த அலைவரிசைகளில் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஆன்டெனா பெரிதானால் நிலையமும் கூடும், இரைச்சலும் அதே அளவு கூடும். சிறிதானால் இரண்டும் சேர்ந்தே குறையும். குறைந்ததை ஆம்ப்ளிஃபையர் பெருக்கிக்கொள்ளும். ஆகவே வாங்குகிறவருக்குச் சின்ன ஆன்டெனாவால் பெரிய நஷ்டம் இல்லை. அனுப்புகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர் கொடுக்கும் கிலோவாட் எல்லாம் வெப்பமாகப் போகாமல் அலையாகக் கிளம்ப வேண்டும். அதனால்தான் மீடியம் வேவ் நிலையத்தில் அந்த நெடிய கோபுரம். அந்தக் கோபுரத்தின் மேல் ஆன்டெனா எதுவும் மாட்டியிருக்காது, கோபுரமே ஆன்டெனா. அடியில் பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும். சுற்றிலும் மண்ணுக்குள் செம்புக் கம்பிகளைக் கதிர் கதிராகப் புதைத்திருப்பார்கள், நிலம் அதன் மறுபாதியாக வேலை செய்வதற்காக. எஃப்.எம். கோபுரமும் செல்போன் டவரும் அப்படி இல்லை. அவை உயரத்துக்கான வெறும் தாங்கிகள். ஆன்டெனா மேலே தனியாக மாட்டியிருக்கும்.

வைஃபை ரவுட்டரின் ஆன்டெனா உடைந்துவிட்டது. உள்ளே பார்த்தால் முக்கால்வாசி வெறும் பிளாஸ்டிக். விரல் நீளத்துக்கு ஒரு துண்டுக் கம்பி மட்டும்தான் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?
– கல்லூரி மாணவி, சிவகாசி

ஏமாற்று இல்லை. அங்கே அவ்வளவுதான் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், பாதி 6 சென்டிமீட்டர். நீங்கள் பார்த்த துண்டை இன்னொரு தடவை பாருங்கள். மெல்லிய கேபிளின் நுனியில் மேல்வலையை உரித்து, நடுக்கம்பி மட்டும் 3 சென்டிமீட்டர் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே அதே நீளத்தில் ஒரு பித்தளைக் குழல் கேபிளைச் சுற்றிப் போட்டிருக்கும். மேல் பாதி, கீழ் பாதி இரண்டும் சேர்ந்தால் முழு டைபோல், அதாவது இரு கைகள் கொண்ட அரை அலை ஆன்டெனா. 5 கிகாஹெர்ட்ஸுக்கு இதைவிடவும் பாதிக்குக் குறைவு. பிளாஸ்டிக் குச்சி நீளமாக இருப்பது அந்தத் துண்டைக் கொஞ்சம் உயரத்தில் நிறுத்தவும், பார்வைக்கும்தான்.

குச்சியின் நுனி நோக்கும் திசையில் சிக்னல் மிகக் குறைவு. அதன் பக்கவாட்டில்தான் வீச்சு அதிகம். எல்லாக் குச்சிகளையும் நேராக நிறுத்தினால் அதே தளத்தில் நன்றாக இருக்கும். மாடியறைக்கு நேர் கீழே ரவுட்டர் இருந்தால் ஒரு குச்சியைப் படுக்கப் போட்டுப் பாருங்கள்.

டோல்கேட்டில் கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகை மேலே இருக்கும் மெஷின் தூரத்திலேயே படித்துவிடுகிறது. பேங்க் கார்டை மட்டும் மெஷின் மேலேயே வைக்க வேண்டியிருக்கிறது. இரண்டிலும் பேட்டரி கிடையாது. என்ன வித்தியாசம்?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. காலாவதியான ஃபாஸ்டேக் ஒன்று வண்டியில் கிடந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் கடுகை விடச் சிறிய சிப். அதிலிருந்து இரண்டு பக்கமும் அலுமினியக் கோடு வளைந்து வளைந்து போகும். அது ஒரு டைபோல். 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. அலைநீளம் 34 செ.மீ. சொச்சம், பாதி 17. ஸ்டிக்கரில் 17 சென்டிமீட்டருக்கு இடமில்லாததால் கோட்டை மடித்து மடித்து அடக்கியிருக்கிறார்கள். அளவு ஏறக்குறைய இயல்பான நீளத்தை ஒட்டி இருப்பதால் உண்மையான அலையைப் பிடிக்கிறது. அந்த அலையின் சக்தியிலேயே சிப் விழித்துக்கொண்டு, அதே அலையைக் கூட்டிக் குறைத்துத் திருப்பி அனுப்பிப் பதில் சொல்கிறது. தூரம் கிடைப்பது அதனால்தான்.

பேங்க் கார்டும் மெட்ரோ கார்டும் 13.56 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 22 மீட்டர். 22 மீட்டர் அலைக்கு எட்டரை சென்டிமீட்டர் கார்டுக்குள் ஆன்டெனா வைக்க முடியுமா? முடியாது, வைக்கவும் இல்லை. கார்டின் ஓரத்தை ஒட்டிச் சில சுற்றுக் காயில் மட்டும் இருக்கிறது. மெஷினில் ஒரு காயில், கார்டில் ஒரு காயில். இரண்டும் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மர். நடுவில் இரும்புப் பட்டை இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் என்பதால் நெருங்கினால்தான் வேலை நடக்கும். விலகினால் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பப் புலம் விழுகிறது, சில சென்டிமீட்டரில் எல்லாம் முடிந்துவிடும். பணம் சம்பந்தப்பட்ட கார்டுக்கு இந்தக் குட்டைக் கை ஒரு பாதுகாப்பு. அலைவரிசையைத் தேர்ந்தெடுத்தபோதே தூரத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

ஃபாஸ்டேக் எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பதையும் பாருங்கள். கண்ணாடியின் இரும்புச் சட்டத்துக்கு மிக அருகில் ஒட்டினால் அந்தக் கோட்டின் ஒத்ததிர்வு நகர்ந்துவிடும். டேக் படிக்காமல் வண்டியை முன்னும் பின்னும் எடுக்கச் சொல்லும் தொல்லைக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விஜயநாராயணத்தில் கடற்படையின் கோபுரங்கள் இருக்கின்றன. பல மைல் தள்ளியிருந்தே தெரியும். அவ்வளவு உயரம் எதற்கு அண்ணாச்சி?
– மளிகைக் கடைக்காரர், நாங்குநேரி

அது ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை ரேடியோ நிலையம். 1990இல் கடற்படையில் சேர்ந்தது. அங்கே உயரமான கோபுரங்கள் 471 மீட்டர். இந்தியாவில் மனிதர் எழுப்பியவற்றில் இவற்றைத் தாண்டிய உயரம் இல்லை. நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்புவதுதான் அவற்றின் வேலை.

ரேடியோ அலைக்கு எதிரி உப்புத் தண்ணீர். எஃப்.எம். அலை கடலுக்குள் இரண்டரை சென்டிமீட்டர் இறங்குவதற்குள் அதன் வலிமை மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். மீடியம் வேவுக்கு அது 25 செ.மீ. அளவு. 18 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அதே இழப்புக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஆழம் கிடைக்கிறது. நல்ல சக்தியோடு அனுப்பினால் பத்து மீட்டருக்குக் கீழேயும் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே கடற்படைக்கு வேறு வழியில்லை, தாழ்ந்த அலைவரிசைக்குத்தான் போயாக வேண்டும். விஜயநாராயணத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸை நம் கணக்கில் போடுங்கள். அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல், கால் பங்கு நாலு கிலோமீட்டர்! வானளாவ நிற்பதாக நமக்குத் தோன்றும் அந்தக் கோபுரம், அந்த அலைக்கு ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு மட்டுமே உள்ள குட்டை ஆன்டெனா.

குட்டையை ஈடுகட்டத்தான் உச்சியிலிருந்து பெரிய பரப்புக்குக் கம்பிகளைக் கூரைபோல விரித்திருக்கிறார்கள். மேலே மின்னூட்டம் போய்த் தங்க இடம் கிடைத்தால் கோபுரத்தில் மின்னோட்டம் கூடும். அடியில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட காயில்கள் விடுபட்ட நீளத்தை ஈடுசெய்யும். இதற்கு ஒரு விலை உண்டு. 1947இல் வீலர், 1948இல் சூ என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கால் நிறுவியது அது. அலைநீளத்தோடு ஒப்பிட்டு ஆன்டெனா சிறுக்கச் சிறுக்க, அது கையாளும் அலைவரிசையின் அகலமும் சுருங்கும். அகலம் வேண்டுமென்றால் திறனை இழக்க வேண்டும். யார் எப்படி வளைத்தாலும் மடித்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. அதனால் இத்தனை பெரிய நிலையத்தில் பேச்சு அனுப்ப முடியாது. பழைய தந்திபோல மெதுவாக எழுத்துகள் மட்டும்தான் போகும்.

என் முதல் செல்போனில் தலைக்கு மேல் குட்டை ஆன்டெனா நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது 4ஜி, 5ஜி, வைஃபை, ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கிறது, ஆன்டெனாவைக் காணோம். எங்கே போனது?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ராஜபாளையம்

உங்கள் கையில்தான் இருக்கிறது ஐயா. உலோகச் சட்டம் போட்ட போனாக இருந்தால் ஓரத்தைச் சுற்றிப் பாருங்கள். சட்டத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் குறுக்கே வெட்டியிருக்கும். அழகுக்காகப் போட்டவை இல்லை அவை. அந்தக் கோடுகள் சட்டத்தைத் துண்டுகளாகப் பிரிக்கின்றன, ஒவ்வொரு துண்டும் ஒரு ஆன்டெனா. 1800 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 4 செ.மீ.தான், மூலையில் அடங்கிவிடும். 900 மெகாஹெர்ட்ஸுக்கு 8 செ.மீ. வேண்டும். அங்கே போனின் முழு உடம்பும் துணைக்கு வருகிறது. 15 செ.மீ. நீள போர்டு அந்த அலைக்கு ஏறக்குறைய அரை அலை. மூலையில் இருக்கும் துண்டு தூண்டிவிட, மொத்தப் போனுமே அலையை வீசுகிறது. அதனால்தான் பிடிக்கும் விதத்தைப் பொறுத்து சிக்னல் மாறுகிறது. இத்தனை அலைவரிசைகளை ஒரே துண்டு எப்படிச் சமாளிக்கிறது என்றால், உள்ளே இருக்கும் நுண்ணிய சுவிட்சுகள் நொடிக்கு நொடி கண்டன்சரையும் காயிலையும் மாற்றி மாற்றி இணைக்கின்றன. பழைய ரேடியோவில் நாம் கையால் திருப்பிய கேங் கண்டன்சரின் வேலையை இப்போது போன் தானே செய்துகொள்கிறது.

ஜி.பி.எஸ். தனிக்கதை. 1575 மெகாஹெர்ட்ஸ், அரை அலை ஒன்பதரை செ.மீ. வண்டிகளில் வைக்கும் ஜி.பி.எஸ். கருவிக்குள்ளே இரண்டரை செ.மீ. சதுரத்தில் ஒரு பீங்கான் வில்லைதான் இருக்கிறது. பீங்கானுக்குள் அலை மெதுவாகப் போகிறது, மெதுவானால் அலைநீளம் சுருங்குகிறது, ஆன்டெனாவும் சுருங்குகிறது. அகலமும் அதற்கேற்பக் குறைகிறது, ஆனால் ஜி.பி.எஸ்ஸுக்கு அகலம் அதிகம் தேவையில்லாததால் அந்தப் பேரம் கட்டுபடியாகிறது.

எஃப்.எம். மட்டும் போனுக்குள் அடங்கவில்லை. இயர்போன் ஒயரைச் செருகச் சொல்லும் போன், அந்த ஒயரைத்தான் ஆன்டெனாவாக வைத்துக்கொள்கிறது.

1990களில் நாங்கள் மாடியில் வைத்த டிஷ் எட்டடி, பத்தடி. வெறும் வலை. இப்போது டி.டி.எச். டிஷ் இரண்டடிதான், ஆனால் ஓட்டை இல்லாத தகடு. ஏன் இந்த மாற்றம்?
– முன்னாள் கேபிள் ஆபரேட்டர், கோவில்பட்டி

டிஷ் உண்மையில் ஆன்டெனா இல்லை, கண்ணாடி. ஆன்டெனா, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டி மாட்டியிருக்கும் எல்.என்.பி. என்ற சின்னப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் சில மில்லிமீட்டர் ஊசி. அன்றைக்கு நீங்கள் பிடித்தது சி பேண்ட், 4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் 7.5 செ.மீ. இன்று கே.யு. பேண்ட், 12 கிகாஹெர்ட்ஸை ஒட்டி, 2.5 செ.மீ. ஒரு டிஷ் எவ்வளவு கூர்மையாகப் பார்க்கும் என்பது அதன் விட்டத்துக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்பதைப் பொறுத்தது. அலை மூன்றில் ஒரு பங்கானால் டிஷ்ஷும் மூன்றில் ஒரு பங்கு போதும். செயற்கைக்கோளின் சக்தி கூடியதும் சேர்ந்துகொண்டது. வலைக்கும் அதே கணக்கு. ஓட்டை அலைநீளத்தைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால் அலைக்கு அது ஓட்டையாகவே தெரியாது. 7.5 செ.மீ. அலைக்கு வலை போதும், காற்றும் தள்ளாது. 2.5 செ.மீ.க்குத் தகடே நல்லது. அதில் பந்து பட்டு விழும் சிறு குழிகூட வித்தியாசம் காட்டும்.

அலை நீளமாகிவிட்டால் வலைகூட வேண்டாம் என்பதற்கு ஊட்டி முத்தோரையைப் போய்ப் பாருங்கள். வானியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து 1970இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதன் கண்ணாடி இடைவெளி விட்டு நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1,100 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள் மட்டுமே. அது கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 92 செ.மீ. நமக்குக் கம்பிகளுக்கு நடுவே வானம் தெரிகிறது. அந்த அலைக்கு அது முழுச் சுவர். குவியும் கோட்டில் 1,056 டைபோல்கள் வரிசையாக நிற்கின்றன. அது நிற்கும் மலைச்சரிவின் கோணம் அந்த இடத்தின் அட்சரேகையான சுமார் 11 டிகிரிக்குப் பொருந்துவதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரு அச்சில் திருப்பினாலே நட்சத்திரத்தின் பின்னால் மணிக்கணக்கில் போகலாம். அந்த மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை பெருகும்.

தோட்டத்து மோட்டாருக்கு 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட் சுவிட்ச் போட்டிருக்கிறேன். வீட்டிலிருந்து எட்டவில்லை. ரிசீவரில் இருக்கும் சின்ன ஒயருக்குப் பதில் இன்னும் நீளமாக ஒயர் வைத்தால் எடுக்குமா?
– விவசாயி, சுரண்டை

நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள் தம்பி. 433க்கு அலைநீளம் 69 செ.மீ., கால் பங்கு 17.3. இதை இரட்டிப்பாக்கி 34 செ.மீ. வைத்தால் அது அரை அலையாகிவிடும். அரை அலைக் கம்பியின் முனையில் மின்னழுத்தம் உச்சம், மின்னோட்டம் அற்பம். ரிசீவர் எதிர்பார்ப்பது அதற்கு நேர்மாறாக இருப்பதால் பிடித்த சிக்னல் உள்ளே இறங்காது. ஆகவே 17 செ.மீ., நேராக, செங்குத்தாக. ரிமோட்டையும் நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள்.

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். ரிசீவர் போர்டு ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறதா? இருந்தால் ஒயரை எத்தனை துல்லியமாக வெட்டினாலும் பயனில்லை, கதவைச் சாத்தியதும் அலை உள்ளே வராது. போர்டை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வெளியே, மழை படாமல், முடிந்த அளவு உயரத்தில் மாட்டுங்கள். அங்கிருந்து ரிலே ஒயரை மட்டும் பெட்டிக்குள் கொண்டுபோங்கள். மெயினை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.